சில்கின்கிராட்

1946 டிசம்பரில் ஒரு நாள், இங்கிலாந்தில் உள்ள ஸ்டீவனேஜ் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை மாறிப் போயிருந்தது. ஸ்டீவனேஜ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ரஷ்ய எழுத்து மாதிரி வரைந்து 'சில்கின்கிராட்' என்று போட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் சிலர் செய்த வேலை. லெனின்கிராட், ஸ்டாலின்கிராட் எல்லாம் பத்திரிகைகளில் தினமும் அடிபட்ட பெயர்கள். அந்த வரிசையில் தங்கள் ஊரையும் சேர்த்துவிட்டார்கள்!

சில்கின் என்பவர் அன்றைய பிரிட்டிஷ் அமைச்சர். லூயிஸ் சில்கின். 1945-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசில் நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் துறையைப் பார்த்துக்கொண்டவர். அவர் மீது ஒரு சின்ன ஊருக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் ஒன்றுதான். சுமார் 6,000 பேர் வசித்த ஊரை 60,000 பேர் வசிக்கும் நகரமாக்கப் போகிறோம் என்று அவர் அறிவித்தார். சுற்றியிருந்த சுமார் 6,000 ஏக்கர் நிலம் அதற்குள் வந்தது. பெரும்பாலும் விளைநிலம், நடுவே காடு, சின்னச் சின்ன குக்கிராமங்கள்.

பெரிய அளவில் வீடு கட்டும் திட்டம் ஒன்று கிராமப்புறத்துக்கு வந்தால் அங்கே இருப்பவர்கள் எதிர்ப்பார்கள். இது உலகம் முழுக்க நடப்பது. அப்படி எதிர்ப்பவரை சுயநலக்காரர் என்று ஒதுக்குவதும் உலகம் முழுக்க நடப்பதுதான். "உனக்கு வீடு இருக்கிறது, இல்லாதவன் கதி என்ன?" என்று கேட்டுவிட்டால் பேச்சு முடிந்துவிடும். ஸ்டீவனேஜ் விவகாரத்தில் அந்தக் கேள்வியை அமைச்சர் மட்டுமில்லை, எதிர்த்தவர்களில் ஒருவரே தன்னிடம் கேட்டுக்கொண்டார். அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கதை திருப்பிப் பார்க்கத் தகுந்ததாக இருக்கிறது.

முதலில் அரசின் பக்கம். சில்கினை வில்லனாக்குவது சுலபம், ஆனால் நியாயமில்லை. அவர் லண்டனின் கிழக்குப் பகுதியில், லிதுவேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம் ஒன்றில் 1889-இல் பிறந்தவர். நெரிசலும் வறுமையும் நிறைந்த பகுதி அது. வழக்கறிஞர் ஆனார். 1930-களில் லண்டன் மாநகராட்சியின் வீட்டுவசதிக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். ஒரே அறையில் ஒரு குடும்பம் எப்படிக் குடித்தனம் நடத்தும் என்பதை அறிக்கையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை. போதாக்குறைக்குப் போர். ஜெர்மன் விமானங்கள் போட்ட குண்டுகளால் லண்டனில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிந்தோ சேதமடைந்தோ போயின. போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்க்குக் கல்யாணம் ஆகியிருக்கும், குழந்தை பிறந்திருக்கும், வீடு மட்டும் இருக்காது.

இதற்கு விடையாக ஒரு திட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. பேட்ரிக் அபர்குரோம்பி என்ற திட்ட வல்லுநர் 1944-இல் தயாரித்த பெருநகர் லண்டன் திட்டம். லண்டனைச் சுற்றி ஒரு பசுமை வளையம், அதற்குள் கட்டடம் கூடாது. வளையத்துக்கு வெளியே சுமார் பத்து புதிய நகரங்கள். லண்டனில் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பவர்களை அங்கே குடியேற்றுவது. வெறும் குடியிருப்பாக இல்லாமல் தொழிற்சாலை, பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாம் அங்கேயே. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்லவே முடியாது. லண்டனின் ஓரத்தில் இருந்த வயல்கள் பிழைத்தன. அந்த வளையத்தைத் தாண்டி இருந்த வயல்கள் மாட்டிக்கொண்டன. ஸ்டீவனேஜுக்கு விழுந்தது அந்தச் சீட்டு. லண்டனிலிருந்து வடக்கே போகும் பழைய நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஊர் வழியாகவே போனதுதான் அதன் தகுதி!

1946 மே 6-ஆம் தேதி மாலை சில்கின் நேரில் வந்தார். ஊரின் நகர மண்டபத்தில் கூட்டம். மண்டபத்துக்குள் அடங்காமல் வெளியேயும் ஜனம் நின்றது. மொத்தம் சுமார் 3,000 பேர், அதாவது ஊரில் பாதி. வெளியே நிற்பவர்களுக்காக ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். சில்கின் புது நகரத்தின் பெருமைகளை விளக்கினார். இந்த ஊர் சீக்கிரமே உலகப் புகழ் பெறும், எல்லா நாட்டவரும் பார்க்க வருவார்கள் என்கிற அர்த்தத்தில் சொன்னபோது கூட்டம் சிரித்தது. கெஸ்டபோ என்றும் சர்வாதிகாரி என்றும் கூச்சல் எழுந்தது. போர் முடிந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. அந்த நேரத்தில் ஒரு பிரிட்டிஷ் அமைச்சரை, அதுவும் ஒரு யூதரை, கெஸ்டபோ என்று கூப்பிட்டது எவ்வளவு கொடூரம் என்பது கத்தியவர்களுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

சில்கினும் சளைக்கவில்லை. நீங்கள் கேலி செய்து பயனில்லை, இது நடக்கத்தான் போகிறது என்ற பொருளில் பதில் சொன்னார். இந்தப் பதிலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நீதிமன்றத்தில் வருகிறது. கூட்டம் முடிந்து வெளியே வந்தால் அவருடைய காரின் டயர்களில் காற்று இல்லை. பெட்ரோல் டாங்கில் மணலைக் கொட்டியிருந்தார்கள்.

பத்திரிகைகளுக்கு டயரும் மணலும் போதும். இன்று வரை ஸ்டீவனேஜ் எதிர்ப்பு என்றால் அந்த இரண்டும்தான் சொல்லப்படுகின்றன. ஆனால் எதிர்த்தவர்கள் குறும்பு செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. குடியிருப்போர் பாதுகாப்புச் சங்கம் ஒன்று வைத்து, ஆட்சேபணைகளை எழுத்தில் கொடுத்தார்கள். ஊரில் நடந்த வாக்கெடுப்பில் 52 சதவீதம் பேர் திட்டமே வேண்டாம் என்றார்கள். இந்த எண்ணை இரண்டு விதமாகவும் படிக்கலாம். பாதிக்கு மேல் எதிர்ப்பு என்று சங்கத்தார் சொல்லலாம். மீதி 48 சதவீதம் அப்படி அடியோடு மறுக்கவில்லையே என்று அமைச்சர் சொல்லலாம். ஊரே திரண்டு எதிர்த்தது என்று எழுதுகிறவர்கள் இந்த 48-ஐ வசதியாக மறந்துவிடுவார்கள். வீடு கிடைக்காமல் பெற்றோருடன் ஒண்டிக்கொண்டிருந்த இளம் தம்பதிகள் ஸ்டீவனேஜிலும் இருந்திருப்பார்கள்தானே?

ஆட்சேபணைகளுக்கு வருவோம். மிக அதிகம் பேசப்பட்டது அழகு. ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் மேடு பள்ளமான வயல்வெளி, வேலி மரங்கள், பழைய பண்ணை வீடுகள், இதெல்லாம் போய்விடும் என்கிற வருத்தம். உண்மையான வருத்தம்தான். ஆனால் வாதம் என்று பார்த்தால் இருப்பதிலேயே பலவீனமானது இதுதான். பிள்ளை குட்டியோடு ஒரே அறையில் இருப்பவனிடம் போய் வேலி மரத்தைக் காட்ட முடியாது.

இரண்டாவது, சோறு. பிரிட்டனில் போர்க்காலம் முழுவதும் ரொட்டிக்கு ரேஷன் இல்லை. போர் முடிந்த பிறகுதான், 1946 ஜூலையில், ரொட்டிக்கே ரேஷன் வந்தது. இரண்டு வருஷம் நீடித்தது. போர்க்காலத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் உழுது பயிரிடு என்று விவசாயியை விரட்டிய அதே அரசாங்கம், ரொட்டிக்குச் சீட்டு கொடுத்த அதே கோடையில், கோதுமை விளையும் நிலத்தில் தெரு போடக் கோடு கிழித்தது. இதில் உள்ள முரண் ஒரு விவசாயிக்குப் புரியாமல் போகுமா?

மூன்றாவது, பணம். அன்றிருந்த சட்டப்படி கட்டாயமாக எடுக்கும் நிலத்துக்கும் வீட்டுக்கும் இழப்பீடு 1939 மார்ச் மாத விலையை வைத்துக் கணக்கிடப்பட்டது. அதாவது போருக்கு முந்தைய விலை. சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க வழி இருந்தது. ஆனால் 1946-இல் வேறு வீடு வாங்கப் போனால் 1946 விலைதானே கேட்பார்கள்? ஆயுசு முழுக்கச் சேர்த்து ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்ட ஒருவருக்கு, அரசாங்கம் பழைய விலையைக் கொடுத்துவிட்டு, பக்கத்து ஊரில் புது விலைக்கு வாங்கிக்கொள் என்கிறது. நில ஊக வணிகர்கள் கொழுத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. ஊக வணிகரையும் ஓய்வுபெற்ற குமாஸ்தாவையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இந்த ஆட்சேபணையைச் சுயநலம் என்று சொன்னால், சரி, சுயநலம்தான். ஆனால் அது கேட்டது லாபத்தை அல்ல, கையில் இருப்பதை இழக்காமல் இருப்பதை.

நான்காவது தண்ணீர். இதைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். 60,000 பேருக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வரும், அவர்களுடைய கழிவுநீர் எங்கே போகும்? ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் ஆறுகள் சிறியவை, சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளிலிருந்து வருபவை. அதே ஆறுகளையும் ஊற்றுகளையும் கீழே லண்டனும் நம்பியிருந்தது. ஆறுகளில் ஒரு நகரத்தின் சாக்கடையைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். இது அழகைப் பற்றிய கேள்வி இல்லை. யார் குடிவந்தாலும், லண்டன்காரரே வந்தாலும், பதில் தெரிந்தாக வேண்டிய கேள்வி. விசாரணையில் இதற்கு முழுமையான பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி வீணாகவும் இல்லை. பின்னால் ரை மீட்ஸ் என்ற இடத்தில், ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி, சில புது நகரங்களுக்குச் சேர்த்து ஒரு பெரிய கழிவுநீர் நிலையம் கட்டித்தான் இந்தச் சிக்கலைத் தீர்க்க வேண்டியதாயிற்று.

விசாரணை என்று ஒன்று நடந்ததே, அதுதான் ஐந்தாவது ஆட்சேபணை. தேதிகளை வரிசையாகப் பார்த்தால் விஷயம் விளங்கும். சில்கின் ஸ்டீவனேஜுக்கு வந்து இது நடக்கத்தான் போகிறது என்று சொன்னது மே 6. அந்தப் புது நகரங்கள் மசோதா நாடாளுமன்றத்தில் இரண்டாம் வாசிப்புக்கு வந்தது மே 8. சட்டமானது ஆகஸ்ட் 1. ஸ்டீவனேஜ் மக்களின் ஆட்சேபணைகளைக் கேட்கப் பொது விசாரணை நடந்தது அக்டோபரில். நவம்பர் 11-ஆம் தேதி அமைச்சர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட முதல் புது நகரம் ஸ்டீவனேஜ்.

சட்டம் வருவதற்கு முன்னாலேயே முடிவு சொல்லியாகிவிட்டது. அதன் பிறகு ஐந்து மாதம் கழித்து, உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா என்று கேட்கிறார்கள். கேட்பதற்கென்று வந்த அதிகாரி குறித்துக்கொண்டு போவார். அமைச்சர் தரப்பு திட்டத்தை நியாயப்படுத்தி அங்கே சாட்சி எதுவும் கொண்டுவரவில்லை. குறுக்குக் கேள்வி கேட்கவும் ஆள் இல்லை. கல்யாணத்தை நடத்தி முடித்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதை.

ஊர்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். பிராங்க்ளின் எதிர் நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் அமைச்சர் என்கிற அந்த வழக்கு, சட்ட மாணவர்கள் நிர்வாகச் சட்டத்தில் இன்றும் படிப்பது. அவர்களுடைய வாதம் எளிமையானது. ஆட்சேபணைகளைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியவர் அமைச்சர். அவரோ கேட்பதற்கு முன்பே மேடையில் முடிவைச் சொல்லிவிட்டார். திறந்த மனதோடு அவர் எப்படிக் கேட்டிருக்க முடியும்? 1947 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற நீதிபதி இந்த வாதத்தை ஏற்று ஆணையை ரத்து செய்தார். அடுத்த மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ஜூலையில் பிரபுக்கள் சபை இறுதித் தீர்ப்பு வழங்கியது. ஊர் தோற்றது.

அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான். அமைச்சர் இங்கே நீதிபதி இல்லை. அவர் செய்வது நிர்வாகம். சட்டம் சொன்ன சடங்குகளைச் செய்ய வேண்டும்: விசாரணை வைக்க வேண்டும், அறிக்கையைப் படித்துப் பரிசீலிக்க வேண்டும். அதைச் செய்திருக்கிறார். நீதிபதியிடம் எதிர்பார்க்கும் நடுநிலையை அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. பாரபட்சம் என்ற சொல்லே அவருக்குப் பொருந்தாது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு திட்டத்தைக் கொண்டுவருகிற அமைச்சர் அந்தத் திட்டத்தில் நம்பிக்கை இல்லாதவராக எப்படி இருப்பார்? தேர்தலில் வீடு கட்டுவோம் என்று சொல்லி ஜெயித்துவிட்டு, கட்டலாமா வேண்டாமா என்று தெரியாது என்று உட்கார முடியுமா? ஆனால் அப்படியானால் அக்டோபர் விசாரணை எதற்கு? முடிவை மாற்ற முடியாத ஒரு விசாரணைக்கு ஒரு விவசாயி வேலையை விட்டுவிட்டு ஏன் வர வேண்டும்? தோற்றவர்கள் கடைசி வரை மறக்காமல் இருந்தது நகரம் வந்ததை அல்ல, இந்த அக்டோபர் விசாரணையைத்தான் என்று தோன்றுகிறது. டயரில் காற்றைப் பிடுங்குவது அநாகரிகம்தான். ஆனால் மரியாதையாகக் கேட்க ஓர் இடம் கொடுத்து, அங்கே கேட்டதால் எதுவும் ஆகாது என்று பிறகு சட்டபூர்வமாகவே சொல்லிவிடுவது மட்டும் எந்த நாகரிகத்தில் சேர்த்தி?

இனி அந்த ஒருவர். தன்னையே கேள்வி கேட்டுக்கொண்டவர். இ. எம். ஃபார்ஸ்டர். இந்தியாவைப் பற்றி 1924-இல் வந்த 'எ பேசேஜ் டு இந்தியா' நாவலால் இங்கே பெரும்பாலானோருக்குத் தெரிந்த பெயர். அவர் 4 வயதிலிருந்து 14 வயது வரை, 1883 முதல் 1893 வரை, வளர்ந்த வீடு ஸ்டீவனேஜின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. பெயர் ரூக்ஸ்நெஸ்ட். அப்பா குழந்தையிலேயே இறந்துவிட்டார். அம்மாவும் பிள்ளையும் மட்டும். பக்கத்துப் பண்ணைப் பையன்களோடு வைக்கோல் போரில் விளையாட்டு. தோட்டத்தில் ஒரு பெரிய எல்ம் மரம். அதன் பட்டையில் யாரோ எப்போதோ பன்றிப் பற்களை அடித்துப் பதித்திருந்தார்கள். அந்தப் பட்டையை மென்றால் பல்வலி போகும் என்று அந்தப் பக்கத்து நம்பிக்கை. அந்த வீட்டையும் மரத்தையும் பற்களையும் 1910-இல் வந்த 'ஹோவர்ட்ஸ் எண்ட்' நாவலில் அப்படியே வைத்தார். லண்டன் மெல்ல மெல்ல அந்த வீட்டை நோக்கி ஊர்ந்து வருகிறது என்கிற பயம் நாவலிலேயே இருக்கிறது. 36 வருஷம் கழித்து நிஜமாகவே வந்தது.

1946-இல் பிபிசி வானொலியில் நம் காலத்தின் சவால் என்ற தலைப்பில் பலர் பேசினார்கள். ஃபார்ஸ்டரும் பேசினார். பொருளாதாரத்தில் திட்டமிடல் வேண்டும், இல்லாவிட்டால் பட்டினி என்பதை ஒப்புக்கொண்டவர் அவர். இடதுசாரிக் கட்சிக்காரர் இல்லையென்றாலும் ஏழைகள் பக்கம் அனுதாபம் உள்ளவர். அந்த உரையில் ஸ்டீவனேஜை உதாரணமாக எடுத்துக்கொண்டார். தான் சிறுவனாக இருந்த பகுதி இது, தலைமுறைகளாக அங்கே உழுதவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் வாழ்க்கை முடிந்துவிடப் போகிறது என்றார். உடனே அடுத்ததாக வட லண்டனில் இருக்கும் தன் தொழிலாளி நண்பர்களைப் பற்றிச் சொன்னார். இரண்டு அறைகளில் நான்கு குழந்தைகளை வளர்க்கிறார்கள். அவர்களுக்கு வீடு வேண்டாம் என்று தன்னால் எப்படிச் சொல்ல முடியும்? இரண்டு பேருக்கும் தான் கடமைப்பட்டிருப்பதாகவும், இந்தக் கணக்கைத் தன்னால் சரிக்கட்ட முடியவில்லை என்றும் சொல்லி, விடை கொடுக்காமலே விட்டுவிட்டார்.

இப்படி ஓர் எதிர்ப்பை எங்கே பார்க்க முடியும்? வழக்கமாக எதிர்ப்பவர் எதிராளியின் தேவையைச் சின்னதாக்கிக் காட்டுவார். வீடில்லாதவர்கள் அவ்வளவு பேர் இல்லை, வேறு இடம் இருக்கிறது, வருகிறவர்கள் ஒழுங்கானவர்கள் இல்லை என்பார். ஃபார்ஸ்டர் அதில் எதையும் சொல்லவில்லை. அவர்களுடைய தேவை நியாயமானது, இங்கே அழிவதும் ஈடு செய்ய முடியாதது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நீதிமன்றத்தில் இதை வைத்து வழக்கு ஜெயிக்க முடியாது என்பது வாஸ்தவம்தான்.

(அவர் பேசிய அதே வருஷம், சர்ரே மாவட்டத்தில் அவர் அம்மாவோடு இருந்த வீட்டின் குத்தகையும் முடிந்து, அதைக் காலி செய்ய வேண்டி வந்தது. அம்மா முந்தைய வருஷம்தான் இறந்திருந்தார். 67 வயதில் கேம்பிரிட்ஜில் கல்லூரி அறைக்குப் போய்ச் சேர்ந்தார். வீடு இல்லாமல் போவது என்றால் என்ன என்று அவருக்கு இரண்டு தடவை தெரியும்.)

நகரம் வந்தது. ஆனால் சில்கின் நினைத்த வேகத்தில் இல்லை. வழக்கும் பணத் தட்டுப்பாடும் சேர்ந்து இழுத்தன. வளர்ச்சிக் கழகத்துக்குத் தலைவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அதில் ஒருவருக்குச் சென்னையோடு தொடர்பு உண்டு என்பதால் சொல்லியாக வேண்டும். மோனிகா ஃபெல்டன். திட்டமிடல் தெரிந்தவர், சில்கினுக்கு வேண்டியவர். 1949-இல் தலைவரானார். 1951-இல் கொரியப் போரின் நடுவே ஒரு பெண்கள் குழுவோடு வட கொரியாவுக்குப் போய்வந்து, அங்கே நடக்கும் அழிவைப் பற்றிப் பேசினார். பதவி போய்விட்டது. பிற்பாடு சென்னைக்கு வந்து தங்கி, ராஜாஜியைப் பற்றி ஒரு புத்தகமும், குழந்தை விதவைகளுக்குக் கல்வி கொடுத்த சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 1970-இல் சென்னையிலேயே காலமானார். ஃபார்ஸ்டர் இறந்ததும் அதே 1970-இல்.

முதல் புது வீடுகளில் 1951-இல் குடும்பங்கள் வந்தன. லண்டனிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பலர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனிக் குளியலறை, சொந்தத் தோட்டம் என்று பார்த்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, நகரமும் மோசமாக அமையவில்லை. குடியிருப்புப் பகுதிகளுக்குப் பழைய ஊர்களின், பண்ணைகளின் பெயர்களே இருந்தன: பெட்வெல், ஷெப்ஹால், செல்ஸ். வாகனம் நுழையாத கடைத்தெரு, அந்த மாதிரி திட்டமிட்டுக் கட்டியதில் பிரிட்டனிலேயே முதலாவது. 1959-இல் எலிசபெத் ராணி வந்து பார்த்தார். எரிக் கிளாக்ஸ்டன் என்ற பொறியாளர் சாலைகளிலிருந்து பிரித்து சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் போட்டார். பார்ப்பதற்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரத்தான் செய்தார்கள். 1946-இல் மண்டபத்தில் எல்லோரும் சிரித்தார்களே, அந்த இடத்தில் சில்கின் சொன்னது பலித்துவிட்டது.

கடைத்தெருவுக்குள் கார் கூடாது என்பதை வளர்ச்சிக் கழகம் தானாகக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வியாபாரிகள் பயந்தார்கள், கழகம் தயங்கியது. புதிதாகக் குடிவந்தவர்கள் கூட்டம் போட்டு, கார் இல்லாத கடைத்தெருதான் வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். இந்தத் தடவை அவர்கள் சொன்னது கேட்கப்பட்டது. இன்றைக்கு அந்த நகரத்தைப் பற்றிப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் முதலில் எழுதுவது அந்தக் கடைத்தெருவைத்தான்.

ரூக்ஸ்நெஸ்ட் வீடு பிழைத்தது. 1914-இலிருந்து அங்கே இருந்த இசையமைப்பாளர் எலிசபெத் போஸ்டன் ஃபார்ஸ்டருக்கு நண்பரானார். 1987-இல் இறக்கும் வரை அதே வீட்டில் வாழ்ந்தார். வீட்டுக்கு வடக்கே உள்ள வயல்வெளியும் பிழைத்தது. அதை ஃபார்ஸ்டர் நாடு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நகரம் 60,000 என்ற கணக்கைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனது. 2021 கணக்கெடுப்பில் சுமார் 90,000 பேர். வளர்ந்த ஊர் மறுபடியும் வடக்கே பார்த்தது. 2019-இல் நிறைவேறிய உள்ளூர்த் திட்டத்தில் அந்த வயல்களில் ஒரு பகுதி பசுமை வளையத்திலிருந்து எடுக்கப்பட்டது. பிறகு சுமார் 800 வீடுகளுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. மீதியைப் பூங்காவாக விடுவது என்று ஏற்பாடு.

மறுபடியும் ஆட்சேபணைகள் குவிந்தன. இந்தத் தடவை ஆட்சேபித்தவர்கள் சில்கினின் நகரத்தில் குடியிருப்பவர்கள். தாத்தா பாட்டி லண்டனிலிருந்து ஒரு பெட்டியும் இரண்டு குழந்தைகளுமாக வந்து இறங்கியதைக் கதையாகக் கேட்டு வளர்ந்த தலைமுறை அந்த ஊரில் இருக்கிறது. அவர்கள் வந்து இறங்கிய இடமும் அதற்கு முன் யாரோ ஒருவருடைய வயல். இதைச் சொல்லி அவர்கள் வாயை அடைப்பது சுலபம். ஆனால் அந்தத் தர்க்கப்படி பார்த்தால், உலகத்தில் எந்த வீட்டில் இருப்பவனும் எந்த வயலுக்காகவும் பேச முடியாது. எல்லா வீட்டுக்கும் கீழே ஒரு காலத்தில் புல்லோ பயிரோ இருந்ததுதான்.

2024-இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, ஐந்து வருஷத்தில் 15 லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்துப் புது நகரங்களுக்குக் குழு அமைத்தது. 2025 செப்டம்பரில் அந்தக் குழு 12 இடங்களைப் பரிந்துரைத்தது. அதில் ஒன்று டெம்ப்ஸ்ஃபோர்ட் என்ற கிராமம். சில நூறு பேர் வசிக்கும் ஊர். ஸ்டீவனேஜிலிருந்து அதே நெடுஞ்சாலையில், அதே ரயில் பாதை ஓரமாக வடக்கே போனால் வரும்.